வால்பாறை எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள்: எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

கேள்வி: ஜனவரி கடைசியில் வால்பாறைப் பக்கம், சோலையை ஒட்டிய ஒரு பழைய எஸ்டேட் பங்களாவில் மூன்று நாள் தங்கப்போகிறோம். நான், மனைவி, பத்து வயது மகள், முழங்கால் வலியுள்ள அப்பா. யாருக்கும் பறவை பார்த்துப் பழக்கமில்லை. ஜீப் எடுத்துச் சுற்றினால்தான் ஏதாவது கண்ணில் படுமா? டாப்ஸ்லிப் சஃபாரியையும் சேர்த்துக்கொள்ளலாமா? என்னென்ன வாங்கிக்கொண்டு வரவேண்டும்?

பதில்:

முதலில் டாப்ஸ்லிப்பை இந்தப் பயணத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இரண்டும் ஆனைமலைதான் என்றாலும் வால்பாறையிலிருந்து நேர்வழி கிடையாது. நாற்பது கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியாறு வந்து, ஆனைமலை ஊர், சேத்துமடை என்று சுற்றி மறுபடி மலையேற வேண்டும். மூன்று நாளில் ஒரு முழு நாள் வண்டிக்குள் போய்விடும். உங்கள் அப்பாவின் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஜீப்பும் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. நீங்கள் தங்கும் இடம் சோலையை ஒட்டி இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் வால்பாறையில் காட்டுயிர் பார்க்க ஆகச் சிறந்த இடம் அந்தப் பங்களாவின் திண்ணைதான்.

வால்பாறைப் பீடபூமி ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் தொடங்கி அங்கிருந்த மழைக்காட்டை வெட்டி காப்பி, தேயிலை, ஏலம் என்று போட்டார்கள். வெட்டாமல் விட்டது, ஓடையோரம் தப்பியது, சரிவில் கைவைக்க முடியாதது எல்லாம் இன்றைக்குத் தேயிலைக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கின்றன. பீடபூமியைச் சுற்றி ஆனைமலை, பறம்பிக்குளம் புலிகள் காப்பகங்களும் கேரளத்தின் வாழச்சால் காடும். ஆகவே விலங்குகள் ஒரு துண்டுச் சோலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தேயிலையைக் கடந்தே ஆகவேண்டும். அடர்ந்த மழைக்காட்டுக்குள் நீங்கள் நின்றால் இருபது அடிக்கு மேல் எதுவும் தெரியாது. தலைக்கு மேல் நூறடி உயரத்தில் ஏதோ அசையும், கழுத்துதான் வலிக்கும். காட்டின் விளிம்பில் உட்கார்ந்தால் அதே காட்டின் உச்சி உங்கள் கண்ணுக்கு நேராக வரும், எதிர்ச் சரிவின் தேயிலை திறந்த வெளியாகக் கிடக்கும். பங்களா கட்டிய துரைமார்கள் காட்சிக்காக மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள், நமக்கு அது வசதியாகிவிட்டது.

ஜனவரி கடைசியில் அங்கே சூரியன் உதிக்க ஏறக்குறைய 6.45 ஆகும். நீங்கள் 6 மணிக்கே சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்துவிடுங்கள். அப்போது கண்ணுக்கு வேலை இல்லை, காதுக்குத்தான். இருட்டோடு இருட்டாக முதலில் கேட்பது பெரும்பாலும் சீகாரப் பூங்குருவி. ஓடையோரம் இருக்கும் கருநீலப் பறவை. யாரோ ஒரு பையன் வேலையற்று சீட்டியடித்துக்கொண்டு போவதாகத் தோன்றும். அதன் முழுப் பாட்டு மழைக்காலத்துக்கானது, ஜனவரியில் அரைகுறையாகத்தான் பாடும். பிறகு சாம்பல் காட்டுக்கோழிச் சேவல். நாட்டுச் சேவல் மாதிரி இழுத்துக் கூவாது, வெட்டி வெட்டிக் கூவும். வெளிச்சம் கொஞ்சம் வந்ததும் கருமந்தி ஆண்குரங்கு மரத்து உச்சியிலிருந்து 'ஹூ, ஹூ, ஹூ' என்று அடிவயிற்றிலிருந்து ஒலி எழுப்பும், பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம் பதில் கொடுக்கும். அதன்பிறகு சின்னக் குக்குறுவான் தொடங்கினால் பகல் முழுக்க நிற்காது. பச்சை உடம்பு, கன்னத்தில் வெள்ளைப் பட்டை, இலைக்குள் இருந்தால் கண்டுபிடிப்பது சிரமம். உங்கள் மகளுக்கு முதல் நாள் வேலையாக இந்த நான்கு குரல்களையும் மட்டும் கொடுங்கள். பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்தால் குழந்தை ஒரு மணி நேரத்தில் சலித்துப்போகும்.

உண்மையான பறவை நேரம் ஏழு, ஏழரைக்குத்தான். மரங்களின் உச்சியில் வெயில் விழுந்ததும் பூச்சிகள் அசையத் தொடங்கும், பூச்சி தின்னும் பறவைகள் அதற்காகக் காத்திருக்கும். மழைக்காட்டில் இவை தனித்தனியாக அலைவதில்லை, பல இனங்கள் சேர்ந்து ஒரே அணியாக நகரும். பத்து நிமிடம் ஒரு பறவையும் இருக்காது, திடீரென்று ஒரே மரத்தில் ஆண் மின்சிட்டுகள் ஆரஞ்சும் பெண் மின்சிட்டுகள் மஞ்சளுமாக, அடிமரத்தில் மரங்கொத்தி, நடுக்கிளையில் மஞ்சள்புருவச் சின்னான், அதற்குள் வெள்ளை நாடா மாதிரி வாலை இழுத்துக்கொண்டு அரசவால் ஈப்பிடிப்பான் என்று வந்து இறங்கும். ஐந்து நிமிடத்தில் மொத்தமும் அடுத்த மரத்துக்குப் போய்விடும். ஒன்று கிளப்பிவிடும் பூச்சியை இன்னொன்று பிடிக்கும், பல கண்கள் இருப்பதால் பருந்து வந்தால் சீக்கிரம் தெரியும். அணிக்குக் காவல் மாதிரி இருப்பது துடுப்புவால் கரிச்சான். வாலின் இரு முனைகளிலும் நீண்ட கம்பி, அதன் நுனியில் துடுப்பு. பறக்கும்போது இரண்டு கருவண்டுகள் அதைத் துரத்திக்கொண்டு வருவதாகவே தெரியும்.

இந்தக் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும். பருந்தின் குரலை எழுப்பும், குக்குறுவானைப் போலக் கத்தும். கைபேசியில் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியை நீங்கள் இறக்கி வைத்துக்கொள்ளலாம், நல்ல செயலிதான். எஸ்டேட்டுகளில் சிக்னல் கிடைப்பது அரிது, அதனால் தென்னிந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். ஆனால் அது சொல்லும் பெயரை அப்படியே நம்பாதீர்கள். கரிச்சான் மனிதனையே ஏமாற்றுகிறது, கைபேசி எம்மாத்திரம்!

அணியைத் துரத்திக்கொண்டு சோலைக்குள் ஓடவேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அது பெரும்பாலும் ஒரு சுற்றுப்பாதையில் போகும். இன்று 7.30-க்கு உங்கள் மரத்துக்கு வந்தது என்றால் நாளையும் ஏறக்குறைய அந்நேரத்துக்கு வர நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று நாள் ஒரே இடத்தில் உட்காருவதால் கிடைக்கும் லாபம் இதுதான், ஜீப்பில் சுற்றுகிறவர்களுக்கு இது கிடைக்காது.

பங்களாவில் இறங்கியதும் காவலாளியிடமோ சமையல்காரரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: பக்கத்தில் எந்த ஆல், அத்தி மரம் பழுத்திருக்கிறது? மழைக்காட்டு அத்தி வகைகள் எல்லாம் ஒரே பருவத்தில் பழுப்பதில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு காலம். அதனால் வேறு பழம் இல்லாத நாளில் பழுத்த அத்தி ஒன்று இருந்தால் சுற்றுவட்டாரமே அங்கே வந்து நிற்கும். குக்குறுவான், மலை மைனா, பச்சைப்புறா, மலபார் மலையணில், சோலைமந்தி. கீழே சிந்தும் பழத்துக்கு இரவில் கடமானும் கேளையாடும் வரும். அப்பாவுக்கு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அந்த மரம் தெரிகிற இடத்தில், மரத்தடியில் இல்லாமல் நாற்பது ஐம்பது அடி தள்ளி, போட்டுவிடுங்கள். மூன்று நாளில் உங்கள் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் பார்த்திருப்பார். அத்தி கிடைக்காவிட்டால் பூத்த கல்யாண முருங்கையைத் தேடுங்கள். காப்பிக்கு நிழலாக நட்டிருப்பார்கள், உங்கள் பருவத்தில் இலை உதிர்ந்து சிவப்பாகப் பூக்கும். தேன்சிட்டிலிருந்து கரிச்சான் வரை தேனுக்கு வரும். இலை இல்லாததால் முதன்முறை பார்ப்பவர்களுக்கு அதைவிட எளிய மரம் கிடையாது.

அத்தி மரத்தில் நீங்கள் காத்திருக்கவேண்டிய விருந்தாளி இருவாச்சி. பெரிய இருவாச்சி மூன்று கிலோ எடை வரும், மஞ்சள் அலகும் அதன்மேல் கவிழ்த்த தொப்பி மாதிரி ஒரு கொண்டையும். கண்ணில் படுமுன் இறக்கைச் சத்தம் கேட்டுவிடும், கரி ரயில் மூச்சு விடுவது போல 'ஹூஷ் ஹூஷ்' என்று. கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெளிறி இருந்தால் பெண். பைனாகுலரில் இதைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பை மகளிடம் விடுங்கள். இன்னொன்று மலபார் சாம்பல் இருவாச்சி, சிறியது, அலகின் மேல் கொண்டை இல்லை, கிண்டலாகச் சிரிப்பது போன்ற குரல். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது, ஆனால் வால்பாறையில் தினமும் பார்க்கலாம்.

நீங்கள் போகும் காலம் இருவாச்சிக்குக் கூடு கட்டும் காலம். கிழட்டுப் பெருமரத்தின் பொந்துக்குள் பெண் புகுந்து, வாசலைத் தன் எச்சத்தாலும் பழச் சக்கையாலும் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். மூன்று நான்கு மாதம் ஆண் கொண்டுவரும் உணவில்தான் தாயும் குஞ்சும் உயிர் வாழும். ஆண் நம்மைக் கண்டு மிரண்டு கூட்டுக்கு வராமல் தொலைவிலேயே உட்கார்ந்திருந்தால், உள்ளே இருப்பவை பட்டினி. 'கூடு காட்டுகிறேன் சார்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள். போட்டோவுக்காகக் கூட்டுக்குக் கீழே கூட்டம் சேருவதை நான் வெறுக்கிறேன், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

இருவாச்சி விழுங்கிய விதைகள் தொலைவில் போய் விழுந்துதான் கருங்குங்கிலியம் போன்ற பல காட்டு மரங்கள் புது இடத்தில் முளைக்கின்றன. துண்டுச் சோலைகளுக்கு இது வாழ்வா சாவா என்ற விஷயம். வால்பாறையில் இதைப் புரிந்துகொண்டு 2000-ஆம் ஆண்டையொட்டி நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, திவ்யா முத்தப்பா, டி. ஆர். சங்கர் ராமன் முன்னின்று, எஸ்டேட் நிறுவனங்களோடு பேசி, சீரழிந்த துண்டுகளில் அந்தந்தக் காட்டுக்கே உரிய மரக்கன்றுகளை நட்டு மீட்கத் தொடங்கியது. போகும் வழியில் தேயிலை நடுவே வேலியிட்டு, வரிசை இல்லாமல் கலந்து வளர்ந்த இளமரங்களைக் கண்டால் அது அந்த வேலையாக இருக்கலாம்.

பாலூட்டிகளில் உங்களுக்கு ஏறக்குறைய உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று: கருமந்தி, மலையணில், காட்டுமாடு. காட்டுமாடு காலையிலும் மாலையிலும் தேயிலைச் சரிவில், சதுப்பு ஓரத்தில் மேயும். பத்திருபது மாடுகள் பெரும் பாறைகளாகத் தெரியும், காலில் மட்டும் வெள்ளை சாக்ஸ். அமைதியாகத் தெரிகிறதே என்று செல்ஃபிக்குக் கிட்டே போகக் கூடாது.

சோலைமந்தியைப் பார்க்க எல்லோரும் போகும் இடம் புதுத்தோட்டம், வால்பாறை ஊரை ஒட்டியது. சிங்கவால் குரங்கு என்றும் சொல்வார்கள். மழைக்காட்டு உச்சியை விட்டு இறங்காத, மனிதரைக் கண்டால் ஒதுங்கும் விலங்கு. ஆனால் அங்கே காடு சுருங்கிப்போனதால் சாலைக்கு இறங்கி, வீட்டுக் கூரையில் ஏறி, குப்பைத் தொட்டியைக் கிளறும் நிலைக்கு வந்துவிட்டது. வண்டியில் அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், வாகனங்களை மெதுவாகப் போகச் சொல்ல ஆட்களை நிறுத்துகிறார்கள். மிக அருகில் பார்க்கலாம் என்பது உண்மை. ஆனால் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள். ஒரு வாழைப்பழம் கொடுத்தாலும் அது மறுபடி சாலைக்கு வரும். உங்கள் பங்களாச் சோலையிலேயே, அத்தி மரத்தில், மனிதருக்குப் பழகாத ஒரு கூட்டம் வந்தால் தூரத்தில் நின்றாவது அதைப் பாருங்கள், அதுதான் அந்தக் குரங்கின் இயல்பு.

இனி கசப்பான பகுதி. வால்பாறையில் யானையும் சிறுத்தையும் சுற்றுலாக் காட்சி அல்ல. தோட்டத் தொழிலாளர்கள் லைன் வீட்டு வாசலில் தினமும் அவற்றோடு வாழ்கிறார்கள். 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் சிறுத்தை தாக்கி அங்கே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 2025 பிப்ரவரியில் மலைச்சாலையில் நின்ற யானையைத் தாண்டிப் போக முயன்ற வெளிநாட்டுப் பயணி ஒருவர் பலியானார். பத்து வயதுப் பிள்ளை குனிந்தாலே தேயிலைச் செடிகளுக்குள் மறைந்துவிடும் என்பதை மனத்தில் வையுங்கள். மகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கவேண்டும், தோட்டப் பாதையில் முன்னே ஓடக் கூடாது, மாலை ஐந்தரைக்கு மேல் வேலிக்கு வெளியே யாரும் போகக் கூடாது. பாதையில் ஈரமும் சூடும் மாறாத யானை லத்தியைக் கண்டால் அங்கிருந்தே திரும்பிவிடுங்கள். தோட்டப் பாதைகளும் எஸ்டேட்டுக்குச் சொந்தமானவை. பங்களா ஆள் துணையோடு, அவர் சொல்கிற தூரம் வரைக்கும்தான்.

மழை ஓய்ந்த இந்த மாதங்களில் பீடபூமியில் யானை நடமாட்டம் அதிகம். எங்கே நிற்கிறது என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 2011 முதல் அங்கே யானை நிற்கும் இடத்தை அக்கம்பக்கத்தவர் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது, கைபேசியாலேயே இயக்கும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளும் இருக்கின்றன. இதை உருவாக்கிய, முன்னே சொன்ன அதே அமைப்பின் ஆனந்தகுமாருக்கு 2015-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. எனவே காலையில் வெளியே கிளம்புமுன் காவலாளியிடம் 'ராத்திரி எங்க இருந்துச்சு?' என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதிட வேண்டாம்.

காட்டின் எச்சரிக்கைக் குரல்களும் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டியவை. கடமான் ஒரே ஒரு தரம் கணீரென்று 'டாங்' என்று அடித்து நிறுத்தி மறுபடி அடித்தால், கருமந்திகள் கீழே பார்த்துக்கொண்டு உறுமினால், மலையணில் நிறுத்தாமல் கடகடவென்று கத்தினால், புதருக்குள் சிறுத்தையோ செந்நாயோ நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அணில் சும்மாவும் கத்தும், மானும் குரங்கும் சேர்ந்து கத்தினால் வீண்போகாது. திண்ணையில் உட்கார்ந்தபடி அந்தக் குரல்கள் எந்தத் திசையில் நகர்கின்றன என்று கேட்டுக்கொண்டிருந்தாலே, பார்க்காத ஒரு சிறுத்தையின் பாதையை நீங்கள் வரைந்துவிட முடியும். சஃபாரி வண்டியின் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது இது ஒருபோதும் வாய்க்காது.

பத்து மணிக்கு மேல் பறவைகள் அடங்கும், அப்போது வானத்தைப் பாருங்கள். வெயிலில் காற்று மேலெழும்பும்போது கொண்டைப் பாம்புக்கழுகு கூவிக்கொண்டே வட்டமிடும். மரத்து உச்சியை உரசுவது போல மிக மெதுவாக, இறக்கையை அசைக்காமல் போகும் பெரிய கரிய பறவை கருங்கழுகு, கூடுகளில் முட்டையும் குஞ்சும் தேடுகிறது. மதியம் எல்லோரும் தூங்கலாம், குற்றமில்லை. மூன்றரைக்கு மேல் மறுபடி திண்ணை. இரவில் வெளி விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். அணைத்த அரை மணியில் பறக்கும் அணில் மரத்திலிருந்து மரத்துக்குச் சறுக்குவதைப் பார்க்க வாய்ப்பு உண்டு. பழுப்பு மரநாய் காப்பிப் பழத்துக்கு வரும், காலையில் சுவர்மேல் அதன் எச்சத்தில் விதைகள் இருக்கும். டார்ச்சை மங்கலாக, சிவப்புக் காகிதம் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள், எதன் கண்ணிலும் நேராக அடிக்காதீர்கள்.

வாங்கவேண்டியது ஒன்றே ஒன்று, பைனாகுலர். 8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லது என்று கடைக்காரர் சொல்வார். கை நடுங்கினால் அதில் படமும் நடுங்கும், சோலையின் மங்கிய வெளிச்சத்தில் இருட்டாகவும் இருக்கும். பத்தாயிரம் ரூபாய் அளவில் நல்லதே கிடைக்கும். பொம்மைக் கடையில் விற்கும் பைனாகுலரை மகளுக்கு வாங்கித்தராதீர்கள், எதுவும் தெரியாமல் வெறுத்துவிடுவாள். ஒன்றையே மாற்றி மாற்றிப் பாருங்கள். கண்ணாடி அணிபவர் ரப்பர் விளிம்பை உள்ளே தள்ளிக்கொள்ளவேண்டும். பறவையை வெறும் கண்ணால் பிடித்து, பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவரவேண்டும். இதை மொட்டை மாடியில் காகத்தை வைத்து ஒரு வாரம் பழகிவிட்டு வாருங்கள். பெரிய லென்ஸ் கேமரா வேண்டாம் என்பேன், முதல் பயணத்தில் அது கண்ணை மறைக்கும். ஜனவரியில் அட்டை அதிகம் இருக்காது, ஓடையோர ஈரத்தில் மட்டும் கவனம், கொஞ்சம் உப்பு போதும். ஸ்வெட்டர் கட்டாயம். பச்சை, காக்கி, பழுப்பு உடைகள் எடுத்துவாருங்கள், வெள்ளைச் சட்டையை அப்பா பெட்டியிலேயே வைத்திருக்கட்டும்.

கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து அது இரையும் கூடும் விட்டுவிட்டு வந்து நிற்கும்.

திரும்பும் நாள் காலையிலேயே கிளம்பி இறங்குங்கள், பிற்பகலில் மேல் வளைவுகளில் மூடுபனி சூழ்ந்தால் ஒன்றும் தெரியாது. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் ஆழியாறு அணை கீழே தெரியும், எல்லோரும் அங்கே கீழே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் முதுகைத் திருப்பி மேலே பாறையைப் பாருங்கள். வரையாடு அங்கேதான் நிற்கும், சில நாள் சாலைச் சுவரின் மேலேயே. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க இருந்தவை 1,031 மட்டுமே. முதுகில் வெளிறிப்போன, மற்றபடி கருத்த கிடா தெரிந்தால் அது முதிர்ந்த ஆண், கூட்டத்தோடு எப்போதும் இருக்காது. அப்பா காரை விட்டு இறங்கவே வேண்டியதில்லை, இடப்பக்கமோ வலப்பக்கமோ, பாறை தெரிகிற ஜன்னலோரம் அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.